கல்லீரல் கட்டிக்கு எண் தந்தாயிற்று, அளவுகோல் எங்கே?

நண்பர்கள் சிலர் அவ்வப்போது ஒரே மாதிரியான செய்திகளை அனுப்பி, “உங்கள் துறைதானே, இது உண்மையா?” என்று கேட்கிறார்கள். ஊசி குத்தாமல், திசு எடுக்காமல், ஸ்கேன் படத்திலுள்ள எண்களைக் கொண்டே கல்லீரலில் இருக்கும் கட்டி எவ்வகையைச் சேர்ந்தது என்று கணினி சொல்லிவிடும் என்பது அச்செய்திகளின் சாரம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை எழுதுவதைவிட இங்கே ஒருமுறை விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. பதிவு நீளமானது, பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படங்களிலிருந்து எண்களைப் பெறுவது பற்றித்தான் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இம்முயற்சி வெற்றி பெற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். ஆயினும் நம் நாட்டில் இவ்வேலை தலைகீழாக நடக்கிறது என்பது என் கருத்து. தராசைச் சரிபார்க்கும் முன்பே நிறுக்கத் தொடங்கிவிட்டோம். நிறுத்தவற்றைக் கணினிக்குப் பாடமாகவும் வைத்துவிட்டோம். நான் மருத்துவர் அல்லேன். படம் உருவாகும் இயற்பியலைப் படிப்பவர்களுள் ஒருவர், அவ்வளவே. கையில் ஸ்கேன் அறிக்கையுடன் இதைப் படிப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுங்கள்.

‘கல்லீரலில் கட்டி’ என்ற சொற்களே கேட்பவரைக் கலங்கடித்துவிடும். ஆனால் அச்சொற்களுக்குள் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. ஹீமாஞ்சியோமா என்பது இரத்தக் குழாய்கள் திரண்டு உருவாகும் தீங்கற்ற கட்டி. கல்லீரலில் காணப்படும் தீங்கற்ற கட்டிகளில் இதுவே மிகுதி. தோலில் மச்சம் இருப்பதைப்போல, அது இருப்பதை அறியாமலே பெரும்பாலோர் வாழ்ந்து முடிப்பர். ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா என்ற நீண்ட பெயருடைய முடிச்சும் அத்தகையதே. அடினோமா தீங்கற்றதுதான், எனினும் பெரிதானால் குருதி கசியக்கூடும், சிலவேளை புற்றாகவும் மாறக்கூடும். மறுபுறத்தில், கல்லீரலின் சொந்த உயிரணுக்களிலேயே தோன்றும் ஹெப்படோசெல்லுலர் கார்சினோமா இருக்கிறது. இதனை இனிக் கல்லீரல் உயிரணுப் புற்று என்று குறிப்பிடுகிறேன். பித்த நாளங்களின் உட்சுவரில் தோன்றும் பித்தநாளப் புற்று வேறு. குடலிலிருந்தோ கணையத்திலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவி வந்து கல்லீரலில் குடியேறிய புற்று இன்னும் வேறு. ஒன்றைத் தொடாமல் விட வேண்டும், ஒன்றை வெட்டியெடுக்க வேண்டும், ஒன்றுக்கு உடல் முழுவதற்குமான மருந்து தர வேண்டும். பெயர் மாறினால் சிகிச்சையே மாறிவிடுகிறது.

இந்தியாவில் இந்தப் பெயர் மாற்றத்தின் விலை எவ்வளவு என்பதைச் சொல்ல ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கல்லீரல் சுருக்கநோய் உள்ள ஒருவருக்குச் சிறிய உயிரணுப் புற்று இருந்தால், கல்லீரல் மாற்று அறுவை அவரைக் குணப்படுத்தக்கூடும். 1996இல் இத்தாலியின் மிலான் நகரத்து அறுவை மருத்துவர் மட்சாஃபெர்ரோவும் அவர் குழுவினரும் வகுத்த வரையறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது: ஒரே கட்டியாயின் 5 சென்டிமீட்டருக்கு மிகாமல், பலவாயின் மூன்றுக்கு மிகாமல், அவற்றுள் எதுவும் 3 சென்டிமீட்டருக்கு மிகாமல். ஆனால் அதே அளவுள்ள கட்டி உயிரணுப் புற்றாக இல்லாமல் பித்தநாளப் புற்றாக இருந்தால், கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளுக்கு வெளியே பொதுவாக மாற்று அறுவை செய்வதில்லை. நோய் திரும்பிவிடும் என்ற அச்சமே காரணம். வெளியே எடுத்த கல்லீரலை நோய்க்கூறியல் ஆய்வகத்தில் வெட்டிப் பார்க்கும்போதுதான், ‘உயிரணுப் புற்று’ என்று நினைத்திருந்தது பித்தநாளப் புற்று எனத் தெரியவருவதும் உலகெங்கும் நடந்திருக்கிறது.

மேலைநாடுகளில் பெரும்பாலும் இறந்தவரின் கல்லீரலையே பொருத்துகிறார்கள். இங்கே நடப்பவற்றுள் பெரும்பகுதி உயிரோடிருக்கும் உறவினரின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டிப் பொருத்துவது. மனைவியோ மகனோ மகளோ, நோயே இல்லாத ஓர் உடம்போடு அறுவை மேசையில் படுக்கிறார். ஆகவே நம் நாட்டில் படத்திலுள்ள ஓர் எண் பிழைபட்டால், அப்பிழை நோயாளியின் உடம்போடு நிற்பதில்லை. மென்பொருள் விற்பவர்களின் விளக்கப் படங்களில் இக்கணக்கை நான் ஒருபோதும் கண்டதில்லை.

“அப்படியானால் ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்த்துவிடலாமே” என்று கேட்கலாம். பல நேரங்களில் அதுதான் சரி. எனினும் சுருக்கநோய் உள்ளவர்களுக்குக் குருதி உறைதல் குன்றியிருக்கும். ஊசி சென்ற வழியில் புற்றணுக்கள் விதைக்கப்படும் வாய்ப்பும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அவ்வாய்ப்பு 2.7 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். அதனால்தான் திசு எடுக்காமல் படத்தைக் கொண்டே உறுதிசெய்யும் வழக்கம், புற்றுகளுள் மிக அரிதாக, கல்லீரல் உயிரணுப் புற்றுக்கு வாய்த்தது.

அவ்வழக்கத்தின் அடிப்படை அழகானது. கல்லீரலுக்கு இரு வழிகளில் குருதி வருகிறது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், எஞ்சியது தமனி வழியாகவும் வரும். உயிரணுப் புற்றோ பெரும்பாலும் தமனியையே நம்பி வளர்கிறது. கையின் சிரையில் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி ஏறத்தாழ 35 விநாடியில் படமெடுத்தால், தமனி வழி மருந்து சேர்ந்து கட்டி மட்டும் ஒளிரும். சுற்றியுள்ள கல்லீரல் இன்னும் இருண்டிருக்கும். ஒரு நிமிடத்துக்குச் சற்றுப் பின் போர்ட்டல் சிரை வழியே மருந்து நிறைந்து கல்லீரல் ஒளிரும்போது கட்டி மங்கிவிடும். இதனைக் ‘கழுவிப்போதல்’ என்கிறோம். பித்தநாளப் புற்றில் நார்த்திசு மிகுதியாதலால் விளிம்பு முதலில் ஒளிர்ந்து, நடுப்பகுதி நேரம் செல்லச் செல்ல நிறைந்துகொண்டே வரும். ஹீமாஞ்சியோமா ஓரங்களில் திட்டுத்திட்டாகத் தொடங்கி மெல்ல உள்நோக்கி நிரம்பும். பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை மூன்றும் வெவ்வேறு நடைகள்.

ஆனால் கண்ணுக்குக் கண் வேறுபடுகிறது. ‘கழுவிப்போயிற்று’ என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் ‘ஐயம்’ என்று எழுதுவார். இவ்வேறுபாட்டைக் குறைக்கவே அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2011இல் லைராட்ஸ் என்னும் வகைப்பாட்டைக் கொணர்ந்தது. 2018இல் அதனைத் திருத்தியது. அடுத்த படியாக, ஒளிர்வை ‘மிகுதி’, ‘குறைவு’ என்று சொல்லாமல் எண்ணாகவே எழுதிவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. நான் ஆய்வு செய்யும் துறை அதுதான். இதில் எனக்கு மறுப்பே இல்லை. காய்ச்சலை நெற்றியில் கைவைத்துப் பார்த்த காலம் போய் வெப்பமானி வந்ததுபோல, இதுவும் வரத்தான் வேண்டும்.

வெப்பமானிக்கும் நம் எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் ஓர் எண் உண்டு. தூய நீர் 0. காற்று கழித்தல் 1000. இவ்வலகுக்குப் பெயர் தந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு 1979இல் ஆலன் கார்மக்குடன் நோபல் பரிசு பெற்றார். நீரும் காற்றும் எந்த இயந்திரத்திலும் அதே எண்ணைத் தரும்படி திருத்திக்கொள்ளலாம். கான்ட்ராஸ்ட் மருந்திலுள்ள அயோடின் அப்படியன்று. எக்ஸ்-கதிர்க் குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 80க்குக் குறைத்தால், அதே அளவு அயோடின் கணிசமாக உயர்ந்த எண்ணைக் காட்டும். மெலிந்த உடலுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துக் கதிர்வீச்சைக் குறைப்பது நல்ல வழக்கம். பல இயந்திரங்கள் அதைத் தாமாகவே செய்கின்றன. ஆக, மெலிந்தவரின் கட்டியும் பருத்தவரின் கட்டியும் ஒரே அளவு மருந்தை உறிஞ்சியிருந்தாலும் எண்கள் வேறு. மருந்து செலுத்திய வேகம், நோயாளியின் இதயத் துடிப்பின் வலிமை, படமெடுத்த விநாடி ஆகியவை இதற்கு மேல். தமனிக் கட்டத்தை ஐந்தாறு விநாடி முந்தி எடுத்துவிட்டால் ஒளிரவேண்டிய கட்டி ஒளிராமலே போகும்.

நாட்டின் பல ஊர்களில் ‘வயிற்றுக்கு ஒரு சி.டி.’ என்று எழுதித் தந்தால் போர்ட்டல் கட்டம் ஒன்றை மட்டும் எடுத்துத் தருவதும் வழக்கமாயிருக்கிறது. அப்படத்திலிருந்து நூற்றுக்கணக்கான எண்களைக் கணினி கறந்துவிடும். உயிரணுப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் அந்த ஒற்றைக் கணம் மட்டும் அப்படத்தில் இராது.

எம்.ஆர்.ஐ.யில் நிலைமை மேலும் நுட்பமானது. அங்கே ஏ.டி.சி. என்றோர் அளவு உண்டு. திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அலைகின்றன என்பதை அது சொல்கிறது. உயிரணுக்கள் நெருக்கியடித்து நிற்கும் புற்றில் நீருக்கு நகர இடமில்லை, எண் குறைவு. நீர்ப்பையிலும் ஹீமாஞ்சியோமாவிலும் இடம் மிகுதி, எண் உயர்வு. ஆகவே ஒரு வெட்டுக்கோட்டைப் போட்டு, அதற்குக் கீழே புற்று, மேலே தீங்கற்றது என்று பிரிக்கலாம் என்று பல ஆய்வுகள் முன்மொழிந்தன. பிரித்தவை பெரும்பாலும் நீர்ப்பையையும் ஹீமாஞ்சியோமாவையும் புற்றிலிருந்து பிரித்தன. இவற்றைத் தேர்ந்த கதிரியலாளர் எண் இல்லாமலே பிரித்துவிடுவார். கடினமான கேள்விகளான அடினோமாவா உயிரணுப் புற்றா, உயிரணுப் புற்றா பித்தநாளப் புற்றா என்பவற்றில் எண்கள் ஒன்றன்மீது ஒன்று படிந்து கிடக்கின்றன. கட்டுரையின் சுருக்கத்தில் உயர்ந்த துல்லியம் பளிச்சிடும். எவற்றை எவற்றிலிருந்து பிரித்தார்கள் என்பது உள்ளே அட்டவணையில் இருக்கும். சுருக்கத்தோடு நிற்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அளவீட்டின் உறுதிக்கு வருவோம். வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் 2007இல் தொடங்கிய அளவுசார் படமெடுப்புக் கூட்டமைப்பு, ஏ.டி.சி.யை உறுப்புதோறும் ஆராய்ந்தது. ஒரே மனிதரை, ஒரே இயந்திரத்தில், ஒரே முறையில் இருமுறை அளந்தாலும் மூளையில் எண் 11 விழுக்காடு வரை மாறலாம். கல்லீரலில் 26 விழுக்காடு வரை மாறலாம். அதற்கு மேல் மாறினால்தான் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது என்று 95 விழுக்காடு உறுதியுடன் சொல்லலாம். காரணம் எளிது: மூளை மண்டையோட்டுக்குள் அசையாதிருக்கிறது, கல்லீரல் மூச்சோடு ஏறி இறங்குகிறது. இதன் பொருளைக் கணக்காகப் பாருங்கள். ஒரு கட்டியின் அளவு 1.20 என்று வந்தால், அதன் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 1.0க்கும் 1.4க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்பதே நாம் நேர்மையாகச் சொல்லக்கூடியது. வெட்டுக்கோட்டை 1.3 என்று வைத்துக்கொண்டால் அக்கட்டி கோட்டின் எப்பக்கம்? இது ஒரே இயந்திரத்தின் நிலை. நோயாளி ஊர் மாறி, இயந்திரம் மாறி வந்தால் இடைவெளி மேலும் விரியும்.

இன்னும் ஒன்று. கல்லீரலின் இடப்பகுதி இதயத்துக்குக் கீழே அமைந்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அதைக் குலுக்குகிறது. குலுங்கும் திசுவில் நீர் அதிகம் அலைவதுபோல் இயந்திரம் எண்ணிக்கொள்ளும். எண் பொய்யாக உயரும். வலப்பக்கம் இருந்தால் புற்று என்று தோன்றக்கூடிய கட்டி, இடப்பக்கம் இருந்ததால் தீங்கற்றதுபோலத் தோன்றலாம். படமெடுக்கும்போது பயன்படுத்தும் காந்தப்புலச் சரிவின் வலிமைகளை, பி-மதிப்புகள் என்கிறோம், எவ்வாறு தேர்ந்தெடுத்தோம் என்பதையும் பொறுத்தது இது. மிகக் குறைந்த பி-மதிப்பைச் சேர்த்தால் நுண்குழாய்களில் ஓடும் குருதியும் கணக்கில் கலந்து எண்ணை உயர்த்திவிடும். கல்லீரலோ குருதி நிறைந்த உறுப்பு. நம் நாட்டிலிருந்து வரும் ஆய்வேடுகளில் பி-மதிப்புகளைக்கூடச் சொல்லாமல் வெட்டுக்கோட்டை மட்டும் சொல்பவற்றைப் படித்திருக்கிறேன். அலகு எழுதாமல் எடை சொல்வது போன்றது அது.

இப்போது ரேடியோமிக்ஸ். படத்தில் கட்டியைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, உள்ளே இருக்கும் புள்ளிகளின் சராசரி, பரவல், சொரசொரப்பு, ஒழுங்கு எனப் பல நூறு கூறுகளைக் கணக்கிட்டு, அவற்றிலிருந்து கட்டியின் வகையைக் கணிக்கும் முறை இது. 2012க்குப் பின் வேகமாகப் பரவியது. தொடக்கத்தில் ‘சொரசொரப்பு’ என்பதையே ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிட்டது. 2020இல் ஒரு பன்னாட்டுக் குழு முயன்று 169 கூறுகளுக்கு ஒப்புக்கொண்ட வரையறையைத் தந்தது. அது கணக்கீட்டை ஒழுங்குபடுத்திற்று. படத்தை ஒழுங்குபடுத்த அதனால் இயலாது. 5 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்த படத்திலும் 1 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்த படத்திலும் ஒரே கட்டியின் சொரசொரப்பு ஒன்றாக இராது.

இத்துறையில் புதிதாக நுழைபவர்கள் அறிந்திருக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. கல்லீரலைப் பற்றியதன்று, எனினும் பொருந்தும். 2014இல் நுரையீரல் புற்றும் தலை-கழுத்துப் புற்றும் உள்ளவர்களின் சி.டி. படங்களிலிருந்து 440 கூறுகளை எடுத்து, அவற்றுள் நான்கைக் கொண்டு நோயாளியின் ஆயுளைக் கணிக்கலாம் என்றது புகழ்பெற்ற ஆய்வு ஒன்று. ஆயிரக்கணக்கானோர் அதை மேற்கோள் காட்டினர். 2019இல் வேறொரு குழு அதனை மறுசோதனை செய்தது. படத்தின் புள்ளிகளைக் கலைத்துப்போட்டுச் சொரசொரப்பை முற்றாக அழித்த பின்னும் அந்தக் கணிப்பு ஏறத்தாழ அப்படியே வேலை செய்தது. அது உண்மையில் அளந்தது கட்டியின் பருமனை. பெரிய கட்டி உள்ளவருக்கு ஆயுள் குறைவு என்பதைச் சொல்ல 440 கூறுகள் தேவையில்லை. அம்மறுசோதனையைச் செய்தவர்கள்மீது எனக்குள்ள மதிப்பு, முதல் ஆய்வைச் செய்தவர்கள்மீது உள்ளதற்குக் குறைந்ததன்று. ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் மறுசோதனை செய்து ஒருவர் பட்டம் வாங்கிவிட முடியுமா என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் நாங்கள் எந்தப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்குகிறோம் என்பது அடுத்த சிக்கல். இலவசமாகக் கிடைக்கும் லிட்ஸ் என்னும் தொகுப்பை ஏறத்தாழ எல்லோரும் தொட்டிருப்போம். அதில் 201 சி.டி. படங்கள் உள்ளன, ஐரோப்பா, கனடா, இஸ்ரேல் ஆகிய இடங்களின் மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. கட்டியின் எல்லையைக் கண்டுபிடிப்பதற்கான தொகுப்பு அது. ‘இங்கே கட்டி’ என்று குறித்திருப்பார்களே தவிர ஒவ்வொரு கட்டியின் வகையையும் குறித்திருக்கமாட்டார்கள். நம் மருத்துவமனைக்கு வரும் கல்லீரல் வேறு. இங்கே அமீபா சீழ்க்கட்டி உண்டு. காசநோய் முடிச்சு உண்டு. நாடாப்புழுவின் ஹைடாட்டிட் நீர்ப்பை உண்டு. கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்று உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் இடங்கள் உள்ளன. அது ஒட்டியிருக்கும் கல்லீரலுக்குள் நேரே ஊடுருவும். இவற்றை ஒருமுறையும் பார்த்திராத கணினி, தனக்குத் தெரியாது என்று சொல்லாது. தெரிந்த பெட்டிகளுள் ஏதேனும் ஒன்றில் போட்டுவிடும்.

பட்-கியாரி நோயைத் தனியே சொல்ல வேண்டும். கல்லீரலிலிருந்து குருதி வெளியேறும் சிரைகள் அடைபடும் நோய் இது. நம் நாட்டுக் கல்லீரல் மருத்துவர்களுக்கு இது அந்நியமானதன்று. இளம் வயதினர் பலருக்கு வருகிறது. அடைபட்ட கல்லீரலில் தமனிக் குருதி மிகுந்து, தீங்கற்ற முடிச்சுகள் பல உருவாகும். அவை தமனிக் கட்டத்தில் உயிரணுப் புற்றைப் போலவே ஒளிரும். அதனால்தான் இரத்தக் குழாய் நோய்களால் வந்த சுருக்கத்துக்கு லைராட்ஸைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வகுத்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் அது பொருந்தாது. படத்தை மட்டும் பார்க்கும் கணினிக்கு இவ்விலக்குகளை யார் சொல்வது? நோயாளியின் வரலாறு படத்துக்குள் இல்லை.

விலக்கு என்றதும் நினைவுக்கு வருவது, பலரும் பிடிகொடாமல் நழுவவிடும் ஒரு கணக்கு. நூற்றுக்குத் தொண்ணூறு புற்றுகளைச் சரியாகக் கண்டுபிடிக்கும், புற்றில்லாதவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைச் சரியாக விலக்கும் ஒரு நிரல் நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுருக்கநோய்ப் பிரிவில் சந்தேகத்துக்குரிய நூறு முடிச்சுகளுள் அறுபது புற்று என்று கொண்டால், நிரல் ‘புற்று’ என்று சொல்லும் 58இல் 54 உண்மை. அதே நிரலை முழு உடல் பரிசோதனைக்கு வரும் நலமான மக்களிடம் பயன்படுத்துகிறோம். ஆயிரம் முடிச்சுகளுள் இருபதுதான் புற்று என்று கொள்வோம். இப்போது நிரல் 116 பேரிடம் ‘புற்று’ என்கிறது. அவர்களுள் 18 பேருக்குத்தான் உண்மையில் புற்று. மற்ற 98 பேர் அன்றிரவு உறங்கமாட்டார்கள். நிரல் மாறவில்லை, துல்லியமும் மாறவில்லை, மாறியது ஆட்கள்தாம். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் தள்ளுபடி விலையில் விற்கப்படும் நாட்டில் இந்தக் கணக்கைப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கலாம். லைராட்ஸ் தன்னைச் சுருக்கநோய், நாட்பட்ட ஹெப்படைடிஸ் பி, முன்பே உயிரணுப் புற்று வந்தவர் என்ற வட்டத்துக்குள் நிறுத்திக்கொண்டதன் காரணமும் இதுவே.

இவ்வளவும் சொன்னதால் நான் பழமைவாதி ஆகிவிட்டதாகச் சில நண்பர்கள் கருதுகிறார்கள். “மாவட்டத் தலைநகரங்களில் கல்லீரல் படங்களைப் படிக்கத் தேர்ந்த கதிரியலாளர் இல்லை, குறைபாடுள்ள கருவியாவது இருக்கட்டுமே” என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம்தான்; நான் இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கருவியின் தேவை மிகுந்திருப்பது அங்கேதான். ஆனால் பழைய இயந்திரமும் ஒற்றைக் கட்டப் படமும் அளவுச் சோதனையின்மையும் மிகுந்திருப்பதும் அங்கேதான். பெருநகர மருத்துவமனையில் எண் தவறினால் தவற்றைப் பிடிக்க இரண்டு பேராசிரியர்கள் இருப்பார்கள். சிறுநகரில் அந்த எண்ணே தீர்ப்பு. குறைபாடுள்ள கருவியை அங்கே முதலில் அனுப்புவது கருணை என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல மூன்று கட்ட சி.டி. எடுக்கும் முறையை அங்கே கற்பித்து, அப்படத்தை இணையவழி ஒரு தேர்ந்தவர் பார்க்கச் செய்வது இன்றே கூடும்; அதற்குப் புதிய நுண்ணறிவு எதுவும் வேண்டியதில்லை.

வேண்டியது என்ன என்று கேட்பவர்களுக்கு: பனிக்கட்டி. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உருகும் பனிக்கட்டிக்கு நடுவே வைத்த நீரின் வெப்பம் எவ்வூரிலும் 0 பாகை. அவ்வெப்பத்தில் நீரின் ஏ.டி.சி. 1.1, அலகு, விநாடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தில்லியிலும் திப்ருகரிலும் அதே 1.1 தான். ஒரு நெகிழிப் புட்டியில் நீரையும் சுற்றிலும் நொறுக்கிய பனிக்கட்டியையும் வைத்து, வெப்பம் நிலைபெறும் வரை காத்திருந்து படமெடுத்தால், உங்கள் எம்.ஆர்.ஐ. மெய் சொல்கிறதா என்பது அரைமணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். இதற்கு ஆகும் செலவு ஒரு குளிர்பானத்தின் விலை. நாங்கள் எங்கள் ஆய்வகத்தில் இதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறோம். பிற இடங்களில் கேட்டபோது, “இயந்திரம் ஓய்ந்திருக்கும் அரைமணி நேரம் எங்கே இருக்கிறது?” என்றே பெரும்பாலும் விடை வந்தது. நோயாளிகளின் வரிசையைப் பார்த்தால் அவ்விடையில் நியாயம் இல்லாமலும் இல்லை.

சி.டி. இயந்திரங்கள் கதிர்வீச்சு உமிழ்பவை. ஆகவே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் தரச் சோதனையும் அவற்றுக்குக் கட்டாயம். எம்.ஆர்.ஐ.யில் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை; அவ்வாரியத்தின் வரம்புக்குள் அது வராது. அந்த எல்லைக்கோடு பாதுகாப்பைக் கருதி வரைந்தது. எண்ணைக் கொண்டு ஒருவரின் கல்லீரலை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யப்போகிறோம் என்றால், எண்ணின் மெய்ம்மையும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். சந்தையில் கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இடுகிறோம்.

வழிகாட்டுபவர்களிடமும் ஆய்வேட்டைத் தேர்வு செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘98 விழுக்காடு துல்லியம்’ என்று முடியும் ஆய்வேட்டைப் பார்த்தால் முதலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரே நோயாளியின் படத் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் ஒருங்கே இருந்தனவா? வேறொரு மருத்துவமனையின் படத்தில், வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்தில் இதைச் சோதித்தார்களா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் விடை வந்தால், கணினி கற்றது கட்டியையா, அந்த மருத்துவமனையின் படச் சாயலையா என்று யாராலும் சொல்ல முடியாது. மாணவர்கள்மேல் பழியைப் போடுவது எளிது. மூன்றாண்டுக்குள் கட்டுரை வெளியிட வேண்டும் என்று விதி வைத்துவிட்டு, பல மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்களிடம் அனுமதி வாங்கிப் படம் திரட்டச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

நோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஒன்று. ஸ்கேன் எடுத்த இடத்தில் பெரிய உறையில் ஃபிலிமைப் போட்டுத் தருவார்கள். அதைக் கைப்பேசியில் படம்பிடித்து உறவுக்கார மருத்துவருக்கு அனுப்புவோம். ஃபிலிமில் எண்கள் இல்லை. வெறும் நிழல்தான் இருக்கிறது. முழுப் படத் தரவையும் குறுந்தகட்டிலோ இணைப்பாகவோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேறோர் ஊரில் ஒப்பிட வேண்டிவரும்போது அதுவே உதவும். அறிக்கையில் தமனி, போர்ட்டல், தாமதக் கட்டங்கள் மூன்றும் எடுத்ததாக எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுதியிராவிட்டால் மருத்துவரிடம் கேட்பதில் தவறொன்றுமில்லை.

எம்.ஆர்.ஐ. பிரிவுகளில் பணியாற்றும் தொழில்நுட்பர்களும் இயற்பியலாளர்களும் இப்பக்கத்தில் பலர் இருக்கிறீர்கள். அடுத்த மாதப் பராமரிப்பு நாளில் பனிக்கட்டி நீரை ஒருமுறை படமெடுத்து, என்ன எண் வந்தது, எந்தப் பி-மதிப்புகள் என்று கீழே எழுதுங்கள். மருத்துவமனையின் பெயரோ இயந்திர நிறுவனத்தின் பெயரோ வேண்டாம். இருபது ஊர்களிலிருந்து எண்கள் சேர்ந்தால் அட்டவணையாக்கி இங்கேயே வெளியிடுகிறேன்.